பரிசாக வந்த ஹைட்ரேஞ்சியா: முதல் பூ வாடியதிலிருந்து அடுத்த பூ வரை

பரிசாக வரும் ஹைட்ரேஞ்சியாத் தொட்டி வீணாவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். முதல் சில வாரங்களில் தண்ணீர் கூடியோ குறைந்தோ செடி செத்துப்போகும். அதில் தப்பிப் பிழைத்த செடியை யாரோ நல்லெண்ணத்தோடு தவறான மாதத்தில் கத்தரித்துவிட, அது வருடக்கணக்கில் இலையை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். உரம், மருந்து, நிறம் மாற்றும் பொடி எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். செடி கைக்கு வந்த நாளிலிருந்து என்னென்ன செய்யவேண்டும் என்பதைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறோம்.

1. வந்த அன்றே: உறையைக் கழற்றுங்கள், சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பளபளப்பான காகிதமோ பிளாஸ்டிக் உறையோ தொட்டியைச் சுற்றியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அடியில் துளை இருந்தாலும், வடியும் தண்ணீர் அந்த உறைக்குள்ளேயே தேங்கி நிற்கும். இரண்டு மூன்று நாள் அப்படி நின்றாலே வேர் அழுக ஆரம்பித்துவிடும். அழகு வேண்டுமென்றால் விருந்தினர் வரும்போது மட்டும் வெளித்தொட்டிக்குள் வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, முழுக்க வடிந்தபிறகே திரும்ப வையுங்கள்.

தொட்டியில் செருகியிருக்கும் பெயர்ச்சீட்டுதான் இந்தச் செடிக்கு உள்ள ஒரே ஆவணம். அதில் ரகத்தின் பெயர் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வெட்டலாம் என்ற கேள்விக்கு ரகத்தை வைத்துத்தான் பதில் சொல்லமுடியும். சீட்டில் நிறம் மட்டும்தான் போட்டிருக்கிறது என்றால், செடியைப் பாருங்கள். அகலமான, பளபளப்பான, ரம்பப்பல் விளிம்புள்ள இலைகளும் உருண்டைப் பூங்கொத்தும் இருந்தால் அது அநேகமாக ஹைட்ரேஞ்சியா மேக்ரோபில்லா. பரிசுத்தொட்டிகளில் வருவது பெரும்பாலும் இதுதான், இந்த வழிகாட்டியும் அதற்குத்தான். கொத்து கூம்பு வடிவில் நீண்டிருந்தால் அது பேனிகுலேட்டா இனமாக இருக்கலாம். அதன் கத்தரிப்பு முறையே வேறு. அது அந்த வருடம் விடும் புதுத்தண்டில் பூக்கும் என்பதால் குளிர்காலக் கடைசியில் தயங்காமல் வெட்டலாம்.

சீட்டின் பின்பக்கத்தில் மூன்று தேதிகளுக்கு இடம் விட்டு வையுங்கள்: பூ வாடிய நாள், கத்தரித்த நாள், முதல் துளிர் கண்ட நாள். அடுத்த வருடம் பூ வரவில்லை என்றால் ஏன் என்று தேட இந்த மூன்றும் போதும்.

2. தண்ணீர்: தொட்டுப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்

பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சியா தண்ணீரைக் கணக்கில்லாமல் குடிக்கும். 15 செ.மீ. தொட்டியில் நாலைந்து கொத்துகள் இருந்தால், வெப்பமான அறையில் தினமும் தண்ணீர் கேட்கலாம். அதற்காகத் தினமும் ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்து ஊற்றுவதும் தவறுதான். விரலை 2 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து எடையைப் பழகிக்கொள்வது இன்னும் சுலபம்.

பெரிய பொறி ஒன்று இதில் இருக்கிறது. காய்ந்த செடியும் தொங்கும், வேர் அழுகிய செடியும் தொங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொங்கியதைப் பார்த்ததும் தண்ணீர்க் குவளையை எடுக்காமல் மண்ணைத் தொடுங்கள்.

மண் காய்ந்து, தொட்டியின் ஓரத்திலிருந்து விலகி, தூக்கினால் இலேசாக இருக்கிறதா? மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடிவிடும், நடுவில் நனையவே நனையாது. பரிசுத்தொட்டிகளில் இருப்பது பெரும்பாலும் பீட் எனப்படும், சதுப்புநிலத்தில் மக்கிய பாசிக் கலவை. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை ஏற்காது. வாளித் தண்ணீரில் தொட்டியின் விளிம்புவரை முக்கி வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் 20 முதல் 30 நிமிடம், விடுங்கள். பிறகு எடுத்து வடியவையுங்கள். சில மணி நேரத்தில் இலைகள் நிமிர்ந்துவிடும். கொத்து மட்டும் நிமிராவிட்டால் அந்தக் கொத்தை வெட்டிவிடுங்கள். தண்ணீரை அதிகம் இழுப்பது அதுதான்.

மண் ஈரமாக இருந்தும் தொங்குகிறது என்றால் நேரத்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் தொங்கி மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெப்பம்தான், தண்ணீர் தேவையில்லை, நிழல் தேவை. காலையிலும் தொங்கியபடியே இருந்தால் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் வேர் நல்லது. பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு இருப்பதை வெட்டி எறியுங்கள். மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியில் புதுக்கலவை போட்டு நட்டு, எல்லாப் பூவையும் எடுத்துவிட்டு நிழலில் வையுங்கள். பூவோடு சேர்த்துக் காப்பாற்றலாம் என்று பார்த்தால் இரண்டும் போகும்.

3. வைக்கும் இடம்

வெளிச்சம் நிறைய வேண்டும், நேர்வெயில் கூடாது. வெளியே என்றால் காலை வெயில் சில மணி நேரம் பட்டு மதியத்துக்குமேல் நிழல் விழும் இடம். குளிர்ந்த அறையில், 15 முதல் 20 டிகிரிக்குள், பூ பல வாரம் நிற்கும். ஹீட்டர், ஏசி ஆகியவற்றின் காற்று நேராக அடிக்கும் இடம் ஆகாது.

நாய், பூனை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலை, மொட்டு எல்லாமே அவற்றுக்கு நஞ்சு. சின்னக் குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பூ வாடும்போது: வருடத்தில் கத்தரிக்கோல் எடுக்கவேண்டிய ஒரே தருணம்

ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழ் என்று பார்ப்பவை உண்மையில் புல்லிகள், அதாவது மற்ற பூக்களில் மொட்டை மூடியிருக்கும் வெளியடுக்கு. அதனால்தான் அவை உதிராமல் நிறம் மங்கி, பச்சையடித்து, கடைசியில் காகிதம்போல் காய்கின்றன. பச்சையாக மாறுவது நோயல்ல, வயதுதான். அந்த நிலையிலும் கொஞ்ச நாள் வைத்து ரசிக்கலாம். ஆனால் காலக்கெடு ஒன்று இருக்கிறது.

மேக்ரோபில்லா பழைய தண்டில் பூக்கும் இனம். அடுத்த வருடப் பூவுக்கான மொட்டு, இந்த வருடக் கோடையின் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் தண்டின் நுனியில் உருவாகிவிடும். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு வெட்டும் ஒவ்வொரு நுனியும் அடுத்த வருடம் வரவேண்டிய ஒரு கொத்து. குளிர்காலத்தில் செடி குச்சிகுச்சியாக நிற்பதைப் பார்த்து ஒழுங்குபடுத்தலாம் என்று கை வைத்தவர்கள்தான் "என் செடி பூப்பதே இல்லை" என்று பிற்பாடு சொல்பவர்கள்.

வெட்டும் முறை இது:

- வாடிய கொத்திலிருந்து தண்டைப் பிடித்தபடி கீழே வாருங்கள். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும்.
- இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்தில் சின்ன மொட்டுகள் பருத்து நிற்கும் முதல் ஜோடியைக் கண்டுபிடியுங்கள்.
- அதற்கு அரை செ.மீ. மேலே, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.
- பூ வராத தண்டுகளைத் தொடாதீர்கள். அடுத்த முறை பூக்கப்போவது அநேகமாக அவைதான்.

செடி ஒல்லியாக உயரமாக இருந்தால், பூ முடிந்த தண்டுகளை மட்டும் கீழிருந்து இரண்டு அல்லது மூன்று ஜோடி இலை மிஞ்சுமாறு வெட்டலாம். ஆனால் அதைப் பூ முடிந்த உடனேயே செய்துவிடவேண்டும். மொட்டு கட்டுவதற்குமுன் புதுத்தண்டு நீள்வதற்கு அவகாசம் தேவை.

எண்ட்லஸ் சம்மர் போன்ற, புதுத்தண்டிலும் பூக்கும் ரகம் என்று சீட்டில் இருந்தால் இந்தக் கெடுபிடி கொஞ்சம் தளரும். அதிலும் பழைய தண்டுப் பூக்கள்தான் முதலில் வரும் என்பதால் கண்மூடித்தனமாக வெட்டவேண்டாம்.

5. தொட்டி மாற்றுதல்

பூ முடிந்து கத்தரித்த அதே வாரத்தில் செய்யுங்கள். வந்த தொட்டியைவிட 4 அல்லது 5 செ.மீ. மட்டுமே அகலமான தொட்டி போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றினால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும்.

தொட்டியை உருவும்போது இரண்டு மூன்று தனித்தனிச் செடிகள் தெரியலாம். நெருக்கமாகத் தெரிவதற்காக ஒரே தொட்டியில் பல நாற்றுகளை வைத்து வளர்ப்பது வழக்கம். இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள், வேர்கள் பின்னிக்கிடக்கும். சேர்த்தே நடுங்கள்.

கலவை: தென்னைநார்த்தூள் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துணுக்குகள்) ஒரு பங்கு. தென்னைநார்த்தூளை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்தபின் சேருங்கள். உப்பு மிஞ்சியிருந்தால் இலை விளிம்பு கருகும். பழைய தொட்டியில் இருந்த ஆழத்திலேயே நடவேண்டும், தண்டை மண்ணில் புதைக்கவேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, துளையுள்ள நல்ல தொட்டிக்கும் கலவைக்கும் மண்ணின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) சோதிக்கும் தாளுக்கும் பணம் போடுங்கள். இலைப் பளபளப்பு ஸ்பிரே, "பூ பெருக்கி" என்று விற்கும் டானிக் இரண்டும் வேண்டாம்.

6. நிலத்தில் நட விரும்பினால்

முதலில் ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை நிழலில் வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். தொட்டி மண் அளவு ஆழமும் இரண்டு மடங்கு அகலமும் உள்ள குழி போதும். செடிக்குச் செடி ஒரு மீட்டருக்குமேல் இடம் விடுங்கள். மேலே 5 செ.மீ. அளவுக்கு காய்ந்த இலை, வைக்கோல் போன்ற மூடாக்குப் போட்டு, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள். முதல் வருடம் முழுக்கத் தண்ணீரை மறக்கக்கூடாது. உறைபனிக்கு இன்னும் ஆறு வாரம்கூட இல்லை என்றால், அந்த வருடம் தொட்டியிலேயே இருக்கட்டும்.

7. உரம்

பூத்திருக்கும்போது வேண்டாம். புதுத்துளிர் விடும்போது, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, ஈர மண்ணில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கோடை முடிவதோடு நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து கூடினால் இலை செழிக்கும், பூ குறையும்.

8. குளிர்காலம்: மொட்டு கட்டுவது முதல் உறக்கம் வரை

பூ வருவதற்கு இரண்டு கட்டங்கள் வரிசையாக நடக்கவேண்டும். இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் எதுவும் பலிக்காது.

முதல் கட்டம் மொட்டு உருவாவது. இரவு வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்கி, ஆறு முதல் எட்டு வாரம் அப்படியே இருக்கவேண்டும். இந்தச் சமயத்தில் செடியில் நல்ல இலைகள் இருக்கவேண்டும், வெளிச்சம் வேண்டும், தண்ணீர் குறையக்கூடாது. இலையுதிர்காலத்தில் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதகதப்பாக வைத்தால் இந்தக் கட்டமே நடக்காது. உறைபனி வரும்வரை வெளியிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் கட்டம் உறக்கம். 2 முதல் 7 டிகிரி குளிரில் ஆறு முதல் எட்டு வாரம். சூடாக்காத சேமிப்பறை, வாகனக் கொட்டகை போன்ற இடங்கள் சரியாக இருக்கும். இருட்டாக இருந்தாலும் பாதகமில்லை. இலைகள் மஞ்சளாகி எல்லாம் கொட்டிவிடும். கொட்டிய இலைகளை அப்போதைக்கப்போது பொறுக்கி எறியுங்கள், இல்லாவிட்டால் சாம்பல்நிறப் பூஞ்சை பிடித்து நுனிமொட்டுவரை ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, முற்றிலும் காயாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் நனையுங்கள்.

உறக்கம் முடிந்ததும் வெளிச்சமான, 12 முதல் 16 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றித் தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அங்கிருந்து பூ விரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டு நேராக வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தால் தண்டு மெலிந்து நீளும், கொத்து சிறுக்கும்.

நிலத்தில் உள்ள செடிக்குப் பின்பனிதான் எதிரி. துளிர் விட்டபிறகு ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் நுனி கருகி, அந்த வருடப் பூ போய்விடும். முன்னறிவிப்பு வந்தால் பழைய போர்வையை இரவு மூடிக் காலையில் எடுங்கள்.

குளிரே இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில் நிழலும் ஈரமும் இருந்தால் செடி உயிரோடு இருக்கும், இலை விடும், ஆனால் மறுபடி பூப்பது அரிது. குளிர்சாதனப் பெட்டிக்குள் தொட்டியை வைக்கும் யோசனை அடிக்கடி கேட்கிறது. மொட்டே உருவாகாத செடியைக் குளிரில் வைத்து என்ன பயன்? முதல் கட்டம் நடக்காமல் இரண்டாம் கட்டத்துக்குத் தாவமுடியாது. இலைச்செடியாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது குளிரான ஊரில் இருக்கும் ஒருவருக்குக் கைமாற்றிவிடுங்கள்.

9. குச்சியாக நிற்கும் செடியில் உயிர் இருக்கிறதா? துளிரைப் படிப்பது எப்படி?

பலர் செடியைத் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் பெரும்பாலும் சில வாரம் முந்தி.

தண்டின் நுனியில் நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்தத் தண்டு உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் ஐந்து செ.மீ. கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்குக் கீழே உள்ள முதல் மொட்டு ஜோடிக்குமேல், பனிக்காலம் முழுக்க முடிந்தபிறகு வெட்டலாம். எல்லாத் தண்டும் காய்ந்திருந்தாலும் கோடைத் தொடக்கம்வரை காத்திருங்கள். மேல்பாகம் முழுவதும் செத்த செடி அடிவேரிலிருந்து புதுக்குருத்து விடுவது சாதாரணமாக நடப்பதுதான். தொட்டி மண்ணை அதுவரை இலேசான ஈரத்தோடு வைத்திருங்கள்.

துளிர் வந்ததும் அதன் இடத்தையும் உருவத்தையும் பாருங்கள்.

பழைய தண்டின் நுனியில் குண்டாக, உருண்டையாக மொட்டு இருந்தால் அநேகமாகப் பூ உள்ளே இருக்கிறது. பக்கவாட்டில் மெலிந்து கூராக இருப்பவை பெரும்பாலும் இலைக்கானவை. குண்டு மொட்டு விரிந்து சில ஜோடி இலைகள் வந்தபிறகு, நடுவில் பச்சைக் காலிபிளவர்த் துணுக்குபோல ஒன்று தெரியும். அதுதான் கொத்து. தெரிந்த நாளிலிருந்து தண்ணீர் ஒருநாளும் தவறக்கூடாது. இந்தச் சமயத்தில் வாடினால் கொத்து சிறுத்துவிடும்.

ஐந்தாறு ஜோடி இலை விரிந்தும் நடுவில் ஒன்றும் இல்லையா? அந்தத் தண்டு இந்த வருடம் பூக்காது. வெட்டாதீர்கள்! அடுத்த வருட மொட்டைக் கட்டப்போவது அதன் நுனிதான். மண்ணிலிருந்து நேராகக் கிளம்பும் தடித்த குருத்துகளும் அப்படியே. பரிசாக வந்த செடி இரண்டாம் வருடம் இலையோடு நின்றுவிட்டு மூன்றாம் வருடம் பூப்பது உண்டு, அதைத் தோல்வி என்று எண்ணவேண்டாம்.

புதுத்தண்டு முன்பைவிட உயரமாக, கணுக்களுக்கு இடையே நீளமாக வளர்கிறதே என்று பயப்படவேண்டாம். விற்பனைக்கு வரும் தொட்டிச்செடிகளை வளர்ச்சி கட்டுப்படுத்தும் மருந்து தெளித்துக் குட்டையாக வைத்திருப்பார்கள். அதன் வேகம் தீர்ந்தபின் செடி தன் சொந்த உயரத்துக்குப் போகிறது. ஆனால் தண்டு மெலிந்து, வெளுத்து, வெளிச்சம் வரும் பக்கமே சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். பெரும்பாலும் மண் காரமாகிவிட்டதுதான் காரணம், கடின நீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும். மழைநீருக்கு மாறிப் பாருங்கள். இலையில் வெள்ளைப் பொடி படிந்தால் காற்றோட்டம் குறைவு. அடியில் மெல்லிய வலையும் மேலே வெளிர்ப்புள்ளிகளும் இருந்தால் சிலந்திப்பேன், இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள்.

10. நீலமா, இளஞ்சிவப்பா?

நிறத்தை முடிவு செய்வது செடிக்குள் ஏறும் அலுமினியம். இரண்டு நிறத்துக்கும் நிறமி ஒன்றுதான், அலுமினியம் சேர்ந்தால் நீலமாகும். மண்ணின் பிஎச் 5 முதல் 5.5 வரை இருந்தால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். 6-க்கு மேலே போனால் கிடைக்காது, பூ இளஞ்சிவப்பாக வரும். இடையில் ஊதாவோ இரண்டும் கலந்தோ வரலாம். வெள்ளை ரகங்கள் எதற்கும் மாறாது, அவற்றுக்காகப் பொடி வாங்கவேண்டாம்.

நீலம் வேண்டுமானால் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேட்டைக் கரைத்து, ஏற்கெனவே நனைந்த மண்ணில் ஊற்றுங்கள். துளிர்காலத்தில் இரண்டு மூன்று வார இடைவெளியில் மூன்று முறை போதும். இலையில் படக்கூடாது. அளவு கூடினால் வேர் வெந்துவிடும். பரிசாக வந்த முதல் வருடம் இதை முயலவேண்டாம், வேர் பிடிக்கட்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள உரம் அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால் நீலம் விரும்புபவர்கள் அதைத் தவிர்க்கவேண்டும். இளஞ்சிவப்பு வேண்டுமானால் டோலமைட் சுண்ணாம்பைச் சிறிது சேர்க்கலாம், பிஎச் 6.5-ஐத் தாண்டவிடாதீர்கள்.

விரிந்த பூவில் எந்த மாற்றமும் தெரியாது. இன்று ஊற்றுவது இனி உருவாகும் கொத்துக்குத்தான். துருப்பிடித்த ஆணி புதைப்பதால் பயனில்லை, அதில் இருப்பது இரும்பு.

11. காப்பீடாக இரண்டு கட்டிங்

ஒரே செடியை நம்பியிருக்காமல் கோடைத் தொடக்கத்தில் பூ இல்லாத பச்சைத்தண்டில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு இரண்டு மூன்று வெட்டிக்கொள்ளுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டவேண்டும். மேலே ஒரு ஜோடி இலையை விட்டு மற்றதை நீக்குங்கள். விட்ட இலையும் பெரிதாக இருந்தால் குறுக்கே பாதியாக நறுக்குங்கள். அடியை வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, தென்னைநார்த்தூளும் பெர்லைட்டும் சரிபாதி கலந்த ஈரக்கலவையில் ஒரு கணு புதையும்படி ஊன்றி, இலையில் படாதவாறு பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். நேர்வெயில் ஆகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பையைத் திறந்து காற்றாட விடுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் விட்டிருக்கிறது. அப்போதும் பையைச் சட்டென்று எடுக்காமல், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கியபிறகு தனித்தனிச் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றுங்கள். முதல் குளிர்காலத்தில் இவற்றை உறைபனி படாத இடத்தில் வையுங்கள். ரகத்தின் பெயரையும் வெட்டிய தேதியையும் புதுச்சீட்டில் எழுதிச் செருக மறக்காதீர்கள்.